இரண்டு விரல் தடம்

டிசம்பர் 3, திங்கள்

இன்று நாற்பத்து மூன்று தடவை கை கழுவினேன்.

இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாக, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்டுவிடுவார்: "இன்னைக்கு எத்தனை?" அதற்காகவே எண்ணிக்கொண்டு வருவேன். இப்போது கேட்க ஆள் இல்லை. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

இந்த டயரி அவருடையது. இன்ஷூரன்ஸ்காரர் வருடா வருடம் கொடுப்பது. நவம்பர் பதினான்கு வரை அவர் கையெழுத்து. ஆயில் மாற்றியது, பின் டயர் தேய்ந்தது, பிரேக் கத்துவது. அதற்கப்புறம் வெறும் தாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோட்டில் நிற்காது. நிற்காவிட்டால் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

நவம்பர் பதினைந்து, நாபில் ஸ்டாண்டில் துனிஸ் போகிற லுவாஜ் ஷேர் வண்டியில் ஏழு பேர் ஏறிவிட்டார்கள். எட்டாவது ஆள் வராமல் எந்த லுவாஜும் கிளம்பாது. என் ஷாத்லி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று ஏழு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். எட்டாவது ஆள் ஏறிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஏழு பேரும் எவ்வளவு நல்லவர்கள். சத்தம் போட்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

டிசம்பர் 5, புதன்

நாற்பத்தேழு. வலது கட்டைவிரல் முட்டியில் தோல் வெள்ளையாக உரிகிறது.

டிசம்பர் 9, ஞாயிறு

கதூஜா அக்கா வந்திருந்தாள். என் நாத்தனார், அவருக்கு நேர் மூத்தவள். உட்காருவதற்கு முன்பே மூக்கைச் சுருக்கினாள்.

"என்னடி, நாரத்தம்பூ வாசனை அடிக்குது?"

கட்டில் பக்கத்துப் பலகையில் டப்பா திறந்திருந்தது. எள்ளு அல்வா வருகிற தகர டப்பா. அதில்தான் அவர் வருடா வருடம் எனக்குக் களிம்பு செய்து வைப்பார். ஆலிவ் காயில் ஆட்டிய ஜைத்தூன் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கி, கடைசியில் நாரத்தம்பூத் தண்ணீர் விட்டு ஆறுகிறவரை அடித்துக்கொண்டே இருப்பார்.

"மன்னூபியா, நீ புருஷன் போய் இத்தாவுல இருக்கிறவ. நாலு மாசம் பத்து நாளு. செண்டு, மருதாணி, மை எதுவும் ஆகாது. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"பூசலக்கா. சும்மா பாத்துட்டு இருந்தேன்."

"பாக்கிறதுக்கு அதுல என்ன படமா ஓடுது?"

நான் டப்பாவை மூடி வைத்தேன்.

அதில் என்ன ஓடுகிறது என்று இங்கே எழுதலாம். நவம்பர் பதினான்கு சாயங்காலம் அவர் என் கைக்காகக் களிம்பு எடுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து ஒரு வழி. அந்த வழித்த தடம் அப்படியே இருக்கிறது. இரண்டு பள்ளம், நடுவில் மெல்லிய ஒரு வரப்பு. இழுத்து முடித்த இடத்தில் களிம்பு சின்னதாகச் சுருண்டு நிற்கிறது.

அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

டிசம்பர் 20, வியாழன்

நாற்பத்தொன்று. மழை.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கை தானாக மடியில் மல்லாந்துகொள்கிறது. பழக்கதோஷம். அந்த நேரத்துக்குத்தான் அவர் பழைய பேப்பரை விரித்து எதிரே முக்காலியைப் போட்டு உட்காருவார். வெதுவெதுப்பான தண்ணீரில் என் கையை முக்கி எடுத்து, துண்டால் ஒற்றுவார். தேய்க்க விடமாட்டார். "கார் கண்ணாடியையே நான் அழுத்தித் தேய்க்கிறதில்ல, இது உன் கை" என்பார். முழுசாகக் காய்வதற்கு முன்னால், ஈரப்பசை இருக்கும்போதே பூசவேண்டும் என்பது அவர் சட்டம். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம்.

பூசும்போது கதை. வண்டியில் எட்டுப் பேர். விரலுக்கு ஒருவர். சுண்டுவிரலுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற கிழவி, மோதிர விரலுக்கு மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்த மாப்பிள்ளை. எட்டு விரல் முடிந்ததும் சொல்வார்: "ஆளு எட்டு, விரல் பத்து. மீதி ரெண்டுக்கும் பொய்தான் சொல்லணும். கேட்டுக்கோ."

பொய்கள்தான் நன்றாக இருக்கும். ஒரு தடவை பத்தாவது விரலுக்கு, ஒரு மனிதன் உயிருள்ள தேனீக்கள் நிறைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துனிஸ் வரை வந்தான் என்றார். மற்ற ஏழு பேரும் மூச்சு விடாமல் வந்தார்களாம். நான் சிரித்த சிரிப்பில் பேப்பரில் களிம்பு தெறித்தது.

கடைசியில் அவருடைய பழைய பருத்தி சாக்ஸை என் இரண்டு கையிலும் மாட்டிவிடுவார். "நாபில் ஊரிலேயே கையில சாக்ஸ் போட்டுத் தூங்குற பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா."

சாக்ஸ் அலமாரியில் இருக்கிறது. துவைக்கவில்லை.

ஜனவரி 2, புதன்

டயரி தீர்ந்துவிட்டது. இது புது நோட்டு. இதில் அவர் எழுத்து ஒரு வரிகூட இல்லை.

நாற்பத்தொன்பது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் எட்டுக் கண்ணாடிப் பெட்டியும் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்ட பின்னால் ஒரு தடவை, முழங்கை வரை. நான் ஆயாதான், நர்ஸ் இல்லை. துடைப்பது, துணி மாற்றுவது, அம்மா வராத நேரத்தில் நெஞ்சில் வைத்துக்கொள்வது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் இந்த வார்டுக்கு வந்த பத்தொன்பது வருடமாக என் நெஞ்சு காலியாக இருந்ததில்லை.

ஸிஹாம் சிஸ்டர் தலைமை நர்ஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கை கழுவும் இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

"அக்கா, இது கையா, பாலாடைக்கட்டி துருவுற தகடா?"

"குளிருக்குத்தான்."

"போன வருஷமும் குளிர் இருந்துச்சே. அப்போ உங்க கையப் பாத்து நாங்க எல்லாரும் பொறாமைப்பட்டோம்." ஒரு டியூப் கொடுத்தாள். வாசனை இல்லாத மருந்து. டூட்டி முடிந்ததும் பூசச் சொன்னாள்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்துவிட்டேன். வாசனை இல்லாவிட்டாலும் கை மினுங்கும் இல்லையா. அலங்காரம்தானே அதுவும். இத்தா முடியட்டும்.

ஜனவரி 17, வியாழன்

வெங்காயம் நறுக்க முடியவில்லை. ஹரிஸாவை ஜாடியிலிருந்து ஸ்பூனால் எடுத்தும் எப்படியோ வெடிப்பில் பட்டுவிட்டது. மிளகாய் விழுது, கேட்கவேண்டுமா. குழாயடியில் நின்று குதித்தேன். அவர் இருந்தால் முதலில் சிரித்திருப்பார். அப்புறம்தான் துண்டு எடுத்து வந்திருப்பார். அந்த வரிசையில்தான் எல்லாமே.

சமையலுக்கு இறக்கின ஜைத்தூன் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைக்கூடத் தொடவில்லை.

பிப்ரவரி 6, புதன்

குளிர் தாங்காமல் கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் டப்பா ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுவில் இருந்த வரப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. சுருண்டு நின்ற நுனி படிந்துவிட்டது.

அடுப்பை வெளியே தூக்கி வைத்தேன். டப்பாவை ஜன்னல் ஓரம் வைத்தேன். நான் குளிரில் கிடந்தால் பரவாயில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

நாற்பத்தாறு. மூன்றாம் பெட்டிக்குப் புதிதாக ஒரு பெண் குழந்தை. ஒரு கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் குறைவு. யகீன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அதுவரை அவள் என் நெஞ்சில். தோல் என்றே சொல்ல முடியாது. ரொட்டி மாவு காய்ந்தால் மேலே படருமே ஒரு ஏடு, அப்படி.

விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். என்ன பிடி!

பிப்ரவரி 28, வியாழன்

எண்ணவில்லை.

யகீனுக்குத் துணி மாற்றும்போது முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். பத்தொன்பது வருடமாகத் தூக்குவது போலத்தான். வீறிட்டாள். அவள் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை, அழுவதற்கான மூச்சே அவளிடம் கிடையாது. திருப்பிப் பார்த்தால் முதுகில் சிவப்பாக ஒரு கோடு. என் உள்ளங்கை வெடிப்பின் ஓரம் கிழித்துவிட்டது. கையுறைக்குள் இருக்கும் தூள் வெடிப்பில் எரிகிறதென்று அதை ஒரு நிமிஷம் கழற்றியிருந்தேன். ஒரே நிமிஷம்.

ரத்தம் இல்லை. கோடுதான். டாக்டர் பார்த்துவிட்டு ஆறிவிடும் என்றார்.

ஆறிவிடும். நான் கீறிவிட்டேனே.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 1, வெள்ளி

ஸிஹாம் சிஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, கோடு மட்டும்னா நான் மறைச்சிருப்பேன். வெடிச்ச கையில கிருமி தங்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. இங்க இருக்கிறதுங்களுக்கு ஒரு கிருமி போதும்."

"தெரியும்."

"டியூப் பூசினீங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"துணி மடிக்கிற இடத்துக்குப் போங்க. ஏப்ரல் முடியிற வரைக்கும் உங்க இடத்துல வேற ஆளப் போடாம பாத்துக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. கையக் குணப்படுத்திட்டு வாங்கக்கா. கெஞ்சிக் கேக்கிறேன்."

வெளியே வரும்போது கண்ணாடி வழியாக மூன்றாம் பெட்டியைப் பார்த்தேன். ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கோடு இருந்த பக்கம் மேலே.

மார்ச் 12, செவ்வாய்

மூன்று தடவை. மூன்றும் சாப்பாட்டுக்கு.

தண்ணீர் படாவிட்டால் கை ஆறும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இஸ்திரி போட்ட துணி கையில் மிச்சமிருக்கிற பசையையும் குடித்துவிடுகிறது. ஒவ்வொரு விரிப்பும் வெடிப்பில் சிக்கி நூலை இழுக்கிறது. கூட மடிக்கிற பெண் சிரிக்கிறாள்: "அத்தை, நீங்க மடிக்கிறீங்களா, பின்னல் போடுறீங்களா?"

மாடியில் குழந்தை அழுதால் இங்கே கேட்காது.

மார்ச் 24, ஞாயிறு

நாலு மாதம் பத்து நாள். முடிந்தது.

கதூஜா அக்கா விடியும்போதே போன் செய்தாள், ஞாபகப்படுத்த. குளித்தேன். அவருக்குப் பிடித்த பச்சை உடுப்பைப் போட்டேன். தோட்டத்து நாரத்தையில் மொட்டு விட்டிருக்கிறது. நாபில் முழுக்க இன்னும் இரண்டு வாரத்தில் இந்த வாசனைதான்.

டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்று பூசலாம். தடை இல்லை.

மார்ச் 25, திங்கள்

பூசவில்லை.

ஸிஹாம் கொடுத்த டியூபையும் எடுக்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலையும் தொடவில்லை. நேற்று டப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, பருப்பு வேகவைக்கப் போய்விட்டேன்.

அப்படியானால் இத்தனை நாள் எதற்காகப் பூசாமல் இருந்தேன்? இத்தாவுக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கதூஜா சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று, அதுதான் நிஜம். டப்பாவில் விரல் வைத்தால் அவர் தடம் போய்விடும். அது போகக்கூடாது என்றுதான் மற்றதையும் பூசவில்லை. வேறு எதையாவது பூசிக் கை ஆறிவிட்டால், அவர் இல்லாமலும் என் கை ஆறும் என்று ஆகிவிடும்.

ஒரு குழந்தையைக் கீறியிருக்கிறேன் இதற்காக.

எழுதியும் என்ன. டப்பா மூடியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

ஸ்டாண்டுக்குப் போனேன். அவருடைய உட்காரும் மெத்தையும் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணியும் வண்டியிலேயே இருந்தன. கூட ஓட்டும் நூரி நாலு மாதமாக எடுத்து வைத்திருந்தார். இத்தா முடிந்தால்தான் நான் வருவேன் என்று அவருக்குத் தெரியும்.

மெத்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓலைத் தொப்பி வைத்த ஒல்லியான ஒரு பெரியவர் வந்தார். நூரி, "பெல்காசிம் மாமா, இவங்கதான் ஷாத்லி வீட்டம்மா" என்றார்.

அந்த மனிதர் ஸலாம் சொன்ன வாயோடு, "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன கை?"

"உங்க கைதான். வருஷா வருஷம் ஷாத்லி என்கிட்டதானே மெழுகு வாங்குவாரு. அப்போ கேப்பேன். 'போன வருஷத்துக்கு இந்த வருஷம் மேல், மாமா'ன்னு சொல்வாரு. என்னமோ தோட்டத்துல காய்ப்பு எப்படின்னு சொல்ற மாதிரி."

"மெழுகா? நீங்க..."

"தேனீ வளக்கிறேன். ஒரு தடவை பெட்டியோட இவரு வண்டியில ஏறிட்டேன். மத்த ஏழு பேரும் மூச்சு விடல. கிரோம்பாலியா ஊர் தாண்டினதும் ஒண்ணு வெளிய வந்துடுச்சு. ஷாத்லி கண்ணாடிய இறக்கிவிட்டு அதுகிட்ட சொல்றாரு: 'இங்கயே இறங்குறதுன்னா இறங்கிக்கோ, ஆனா டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காது.'"

நூரி சிரித்தார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. அந்தக் கதை நிஜம். பத்தாவது விரலுக்குச் சொன்ன கதை. பொய் என்று சொல்லிவிட்டு நிஜத்தைச் சொல்லியிருக்கிறார். இன்னும் எத்தனை கதை அப்படி? இனிமேல் யாரிடம் கேட்பேன்?

பெரியவர் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய மெழுகுக் கட்டியை எடுத்தார். "அவருக்குன்னு எடுத்து வச்சது. வேற யாருக்குக் குடுக்கிறது? நீங்க வாங்கிக்கங்க."

வாங்கக் கை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தார். மெழுகை என் கையில் வைக்கவில்லை. மடியிலிருந்த மெத்தையின் மேல் மெதுவாக வைத்தார். வலிக்கும் என்று நினைத்திருக்கவேண்டும்.

வீடு வரை கையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். போன வருஷத்துக்கு இந்த வருஷம் மேல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் மனிதர். இதைப் பார்த்தால் என்ன சொல்வார்?

ஏப்ரல் 6, சனி

தெற்கிலிருந்து சூட்டுக் காற்று. ஏப்ரலிலேயே. டப்பாவில் களிம்பு பளபளவென்று ஆகி ஓரம் இளகத் தொடங்கிவிட்டது. அவசரமாக ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கதூஜா அக்கா பூ மூட்டையோடும் தண்ணீர் இறக்கும் செப்புப் பானையோடும் வந்துவிட்டாள். வருடா வருடம் எங்கள் முற்றத்தில்தான் நாரத்தம்பூத் தண்ணீர் இறக்குவோம். இந்த வருடம் வேண்டாமே என்றேன்.

"பூவுக்கு யாரு செத்தாங்கன்னு தெரியுமா? அது பூத்துடுச்சு. உக்காரு."

பூவை உதிர்த்துத் தண்ணீரில் போட ஆரம்பித்தேன். சாறு வெடிப்பில் பட்டதும் கையை உதறினேன். அவள் என் கையைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"யா ரப்பீ! என்னடி இது?"

"வெடிப்பு."

"வெடிப்பா? ஒரு மருந்து கிடையாதா நாட்டுல?"

"நீதானேக்கா சொன்ன. இத்தாவுல எதுவும் பூசக்கூடாதுன்னு."

"செண்டு பூசாதேன்னு சொன்னேன்! மருந்தையா பூசாதேன்னேன்? கை வெடிச்சு ரத்தம் ஒழுகட்டும்னு மார்க்கம் படிச்ச எந்த ஆலிம் சொன்னாரு, எங்க காட்டு?" கத்திக்கொண்டே எழுந்து எலுமிச்சம்பழம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"இதென்ன, ஹரிஸாவுக்கும் முட்டைக்கும் நடுவுல?"

சொன்னேன். மூடியைத் திறந்து காட்டினேன். இரண்டு விரல் தடத்தையும்.

குனிந்து பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "என் தம்பிய மண்ணுல வச்சோம்னு நெனச்சுட்டு இருக்கேன். நீ ஃபிரிட்ஜுல வச்சிருக்க."

சிரிப்பு வந்துவிட்டது. நவம்பருக்கப்புறம் முதல் தடவையாக வயிறு குலுங்கிற்று. அவளும் சிரித்தாள். ஃபிரிட்ஜ் திறந்தபடியே இருக்க, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தடத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "நடு விரல் கோணல் அப்படியே விழுந்திருக்கு பாரு. எட்டு வயசுல கதவுல நசுங்கினது. கதவச் சாத்தினது நான்தான். அவன் வீட்டுல சொல்லவே இல்ல, தானா நசுங்கிச்சுன்னுட்டான்."

இது எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் அந்தக் கோணல் விரல் என் கையில் ஊர்ந்திருக்கிறது. காற்றடித்துச் சாத்தின கதவு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவள் மூடியைப் போட்டு என் மடியில் வைத்தாள். "எடுத்த களிம்ப முழுசா பூசாம அவன் எந்திரிக்க மாட்டானே. இத இப்படி மீதி விட்டு வைக்கவா செஞ்சான்?" அவ்வளவுதான். பூ உதிர்க்கப் போய்விட்டாள். என்னை மட்டும் பூவைத் தொட விடவில்லை.

சாயங்காலம் அவள் போனதும் பேப்பரை விரித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர். துண்டால் ஒற்றல். ஆறரை மணி.

என் இரண்டு விரலை அவர் தடத்திலேயே வைத்தேன். அகலம் ஒத்துவரவில்லை, எனக்குப் பள்ளம் பெரிதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வழித்தேன்.

முதலில் எரிந்தது. அப்புறம் எரியவில்லை. வலது கை இடது கைக்கு. இடது கை வலது கைக்கு. எதிரே முக்காலி காலியாக இருந்தது. ஆனாலும் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

கையில் சாக்ஸோடு தூங்கி எழுந்தேன். தலையணையில் நாரத்தம்பூ வாசனை.

ஏப்ரல் 22, திங்கள்

பகலில் ஸிஹாம் கொடுத்த டியூப், சாயங்காலம் டப்பா. துணி மடிக்கும்போது பருத்திக் கையுறை. உள்ளங்கைப் பெரிய வெடிப்பு மூடிவிட்டது. கட்டைவிரல் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது. இன்று விரிப்பில் நூல் இழுக்கவில்லை. கூட மடிக்கிற பெண், "அத்தை, பின்னல் வேலைய விட்டுட்டீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஸிஹாம் சிஸ்டர் என் கையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்பினாள். விரலை ஒவ்வொன்றாக விரித்தாள். தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். இது எந்த ஆஸ்பத்திரிச் சட்டத்திலும் கிடையாது.

"எட்டுப் பெட்டியும் நிறைஞ்சிருக்குக்கா" என்றாள். "போய்க் கை கழுவுங்க."

முப்பத்தெட்டு தடவை. முப்பத்தெட்டு!

யகீன் மூன்றாம் பெட்டியில்தான் இருக்கிறாள், மூடி திறந்து. இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். அடுத்த வாரம் வீடு. துணி மாற்றும்போது முதுகைப் பார்த்தேன். எந்த இடம் என்றே தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கை வைத்துத்தான் தூக்கினேன். அழவில்லை.

மே 5, ஞாயிறு

டப்பாவின் அடித்தகரம் தெரிந்துவிட்டது. ஓரத்தில் இருந்ததையும் வழித்துப் பூசியாயிற்று. சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். நாளை மறுநாள் நோன்பு தொடங்கிவிடும், அதற்கு முன்னால் புதுசு செய்துவிடவேண்டும் என்று இன்று உட்கார்ந்தேன்.

அளவு எனக்குத் தெரியாது. அவர் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று, தரையை அழுக்காக்குகிறீர்கள் என்று சண்டை போடுவேனே தவிர, பார்த்ததில்லை. கதூஜாவுக்குப் போன் செய்தேன். "மெழுகு கொஞ்சம், எண்ணெ நிறைய. அதுக்கு மேல அவனத்தான் கேக்கணும்" என்றாள்.

அடுப்பு முன்னால் தரையில் எண்ணெய்க் கறை மூன்று உண்டு. சின்னச் சின்ன வட்டம், வரிசையாக. எத்தனை வருடம் தேய்த்திருக்கிறேன் அதை! இன்று அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டுத் தரையில் விடுவார், ஆறினதும் கட்டைவிரலால் அழுத்துவார். வழுக்கிக்கொண்டு ஓடினால் இன்னும் மெழுகு. நொறுங்கினால் இன்னும் எண்ணெய். மூன்றாவது சொட்டில் தலையை ஆட்டுவார்.

நான் குந்தி உட்கார்ந்து அதே இடத்தில் சொட்டு விட்டேன். முதலாவது ஓடியது. பெல்காசிம் மாமாவின் மெழுகு கொஞ்சம். இரண்டாவது நொறுங்கியது. எண்ணெய். மூன்றாவதும் சரியில்லை. நான்காவது, ஐந்தாவது. ஆறாவது சொட்டு விரலுக்குக் கீழே அமுங்கி அப்படியே நின்றது. இப்போது தரையில் ஒன்பது கறை. துடைக்கவில்லை.

புதுப் பூத்தண்ணீர் விட்டு, கை ஓயும்வரை அடித்து, டப்பாவில் ஊற்றினேன். ஆறுகிறவரை பக்கத்திலேயே இருந்தேன். மேலே ஒரு சுருக்கமில்லாமல் படிந்தது.

ஆறரை மணிக்கு விரல் விட்டு வழித்தேன். அவருடையதைவிடக் குறுகலான தடம். கோணல் இல்லை.

பூசிக்கொண்டே கதை சொன்னேன், முக்காலியைப் பார்த்து. எட்டுப் பெட்டி, எட்டு விரல். முதல் பெட்டி இரட்டையரில் மூத்தவன், பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறான். இரண்டாம் பெட்டிக்காரனுக்கு விக்கல். ஐந்தாம் பெட்டிக்கு அப்பா வந்து தொடப் பயந்து, கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனார்.

மீதி இரண்டு விரல், பொய்க்கு.

ஒன்பதாவதுக்கு, யகீன் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்றேன்.

பத்தாவதுக்கு, நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். தேனீப் பெட்டியும் பத்தாவது விரலுக்குச் சொன்னதுதான்.